முன்பு அதில் என்ன இருந்தது

மலேசியாவில், எங்கள் கிள்ளானில், குழாய்த் தண்ணீர் நின்றுபோவது ஒரு செய்தியே இல்லை. யாரோ ஆற்றில் எதையோ கொட்டிவிடுவார்கள், வாடை அடிக்கிறது என்று சுத்திகரிப்பு ஆலையை மூடுவார்கள், எங்கள் குழாயில் வெறும் காற்று வரும். சில சமயம் மறுநாளே தண்ணீர் வந்துவிடும், சில சமயம் இழுத்துக்கொண்டே போகும். அதனால் எங்கள் வரிசை வீடுகளில் சமையலறைப் பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நீல பிளாஸ்டிக் பீப்பாய் இல்லாத வீடு கிடையாது. தோங் என்போம். அந்தத் தோங்குகளில் முக்கால்வாசி என் அப்பா கொடுத்தவை.

அப்பா போர்ட் கிள்ளான் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். காலியான தோங்குகளை அங்கே ஒரு மூலையில் குவித்துவிடுவார்கள். அப்பா கேட்டு வாங்கி, தெரிந்தவருடைய லோரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். வாசலில் போட்டு சோப்புத்தூள், எலுமிச்சம்பழம், மறுபடி சோப்பு என்று தேய்த்து, நாள் கணக்கில் வெயிலில் காயவைப்பார். சாமி சிலையைக்கூட யாரும் அவ்வளவு பக்தியாகக் கழுவி நான் பார்த்ததில்லை. பிறகு தெருவில் உருட்டிக்கொண்டு போய், யார் வீட்டில் இல்லையோ அவர்களிடம் கொடுத்துவிட்டு வருவார். காசு வாங்கமாட்டார். கோயில் கமிட்டியிலும் இல்லை, கட்சியிலும் இல்லை, நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேசவும் வராது. தோங் ஒன்றுதான் அவருக்குத் தெருவில் ஒரு மரியாதையைக் கொடுத்தது. "அங்கிள் இல்லன்னா தண்ணி நிக்கிற நாள்ல நாங்க செத்தோம்" என்று யாராவது சொன்னால், அன்று முழுக்க அவர் முகம் பளிச்சென்று இருக்கும். நான் கேலி செய்வேன். உள்ளுக்குள் எனக்கும் பெருமைதான்.

எதிர் வீட்டில் ஒரு தம்பதி இருக்கிறார்கள். கல்யாணமாகி நெடுங்காலம் குழந்தை இல்லாமல் இருந்தவர்கள். மருத்துவம் ஒரு பக்கம், வேண்டுதல் ஒரு பக்கம். தைப்பூசத்துக்கு பத்துமலையில் பால்குடம் எடுத்த வருடங்கள் பல. கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை வீட்டுக்கு வந்த நாளில் அப்பா இருப்பதிலேயே புதிதாகத் தெரிந்த ஒரு தோங்கை அவர்கள் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார். பச்சைக்குழந்தை இருக்கிற வீட்டில் தண்ணீர் இல்லாமல் போகலாமா என்றார். குழந்தையின் அம்மா எப்போதும் தோங்கை நிரப்பியே வைத்திருப்பாள். தண்ணீர் நிற்கும் நாட்களில் பால்மாவு கலக்கவும் அதிலிருந்துதான் எடுப்பாள்.

நான் ஷா ஆலமில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் சரக்கு வரவுப் பகுதியில் வேலை செய்கிறேன். ஒரு நாள் சீனிப்பாகு ஏற்றி ஒரு லோரி வந்தது. எல்லாம் நீலத் தோங்குகள், ஆனால் சிலவற்றில் லேபிள் இல்லை. எங்கள் மேற்பார்வையாளர் ஒரு மலாய் அம்மா, அக்கா என்கிற மாதிரி காக் என்று கூப்பிடுவோம். அவர் லேபிள் இல்லாததைக் கீழே இறக்கவே விடவில்லை. லோரி ஓட்டி வந்தவர் நம்ம ஆள். என்னிடம் வந்து, "அக்கா, நீங்க சொல்லுங்கலா. உள்ள சீனிப்பாகுதான். வேணும்னா தொட்டு நக்கிக் காட்டுறேன்" என்றார்.

நான் அதை காக்கிடம் மலாயில் சொன்னேன். இப்போது உள்ளே இருப்பது பாகு என்று எனக்கும் தெரியும், அதற்கு முன்னால் இதில் என்ன இருந்தது என்று அவரைக் கேள் என்றார் காக். ஓட்டுநருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் எடுத்துக்கொண்டு போகட்டும் என்றார். பிளாஸ்டிக் தன்னிடம் ஊற்றியதைக் கொஞ்சம் குடித்து வைத்துக்கொள்ளும், எத்தனை தடவை கழுவினாலும் போகாது, அடுத்து ஊற்றுவதில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும் என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி எனக்குச் சொன்னார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ரசாயன மருந்து சாகாது என்றும் சொன்னார்.

எங்கள் வீட்டுச் சோறு, ரசம், காலைக் காப்பி எல்லாம் கண்முன் வந்தன. அதற்குப் பிறகு எதிர் வீட்டுப் பால் புட்டி வந்தது. அன்று வேலையில் வேறு எதுவும் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "அப்பா, அந்தத் தோங்குல முன்ன என்ன இருந்துச்சு?"

"சோப்பு மருந்து. தரை கழுவுறது."

"எல்லாத்துலயுமா?"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன வருஷமா அதுலதானே குடிக்கிறோம்? எவன் செத்தான்? நீ ஆபீஸ்ல ஏதாவது கேட்டுட்டு வந்து இங்க ஆடாத."

எனக்கும் வாய் சும்மா இருக்காது. சந்தேகமில்லை என்றால் கூட வேலை செய்தவரிடமே கேட்டுவிடலாமே என்றேன். அப்பா வீம்புக்குத்தான் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார், நான் கேட்டு வாயை மூட வேண்டும் என்று. அந்தப் பக்கத்திலிருந்து பழைய நண்பர் சிரித்தார். "சோப்பா? சோப்பும் வந்துச்சுண்ணே. ஆசிட் வந்துச்சு, பூச்சி மருந்து வந்துச்சு, என்னென்னமோ வந்துச்சு. காலியானா எல்லாம் ஒரே குவியல்தானே, எது எதுல இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஏன் கேக்குறீங்க? நீங்க செடிக்குத் தண்ணி ஊத்தத்தானே எடுத்துட்டுப் போனீங்க?"

அப்பா போனை வைத்தார். நான் ஜெயித்துவிட்டேன். அப்படி ஒரு ஜெயிப்பு எனக்குத் தேவையாகவே இருக்கவில்லை. அவர் கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அம்மாதான் முதலில் பேசினார். "ஓட்ட விழுந்திருக்கு, மாத்தித் தரேன்னு சொல்லி எல்லாத்தையும் வாங்கிடுங்க. உண்மையச் சொன்னா தெருவுல தல காட்ட முடியாது." அம்மா சொன்னது எனக்கே சரியாகத்தான் பட்டது. தோங் திரும்பி வந்தால் போதாதா, மனிதர் மானமும் சேர்ந்து போக வேண்டுமா?

மறுநாள் காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நேராக எதிர் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கதவைத் திறந்தாள்.

"பாப்பாவுக்கு இந்தத் தோங் தண்ணியிலயா பால் கலக்குற?"

"தண்ணி நிக்கிறப்ப அதுலதான் அங்கிள். ஃபில்டர் பண்ணி, நல்லா கொதிக்க வச்சுத்தான்."

"இனிமே வேண்டாம்மா. இதுல முன்ன என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல. மருந்து ஏத்துன தோங்கா இருக்கலாம். நான் கேக்காம குடுத்துட்டேன்."

"தெரியலன்னா?" என்றாள்.

அப்பா இன்னொரு முறை அதையே சொன்னார். அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். "நீங்களும் இதே மாதிரி தோங்குலதானே அங்கிள் குடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம்மா என்றார். அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, தானே தோங்கைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். அது சாக்கடையில் இறங்கி முடிய வெகுநேரம் ஆனது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மற்ற வீடுகளிலும் அப்பா உள்ளதையே சொன்னார்; எல்லா விதமாகவும் கேட்டார்கள். ஒருவர் சிரித்தார். ஒருவர் தரமாட்டேன் என்றார்: "தண்ணி நின்னா நீங்களா அங்கிள் தூக்கிட்டு வந்து ஊத்துவீங்க?" நியாயமான கேள்விதான். அப்பா கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்று அதையும் வாங்கிவந்தார். வாங்கியதையெல்லாம் வாசலில் வைத்து ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போட்டார். பழைய சாமான் வாங்குகிறவன் எடுத்துப்போய் இன்னொரு சமையலறையில் விற்றுவிடக்கூடாது என்று. பிறகு தெருவில் ஒவ்வொருவராக ஹார்ட்வேர் கடையில், உணவுக்கு ஆகும் என்று கோப்பையும் முள்கரண்டியும் குறி போட்ட தொட்டியாகப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள்.

எதிர் வீட்டார் குழந்தையை டாக்டரிடம் காட்டினார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ஆனால் உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் எதைத் தேடுவது, வளர வளரப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியனுப்பினார். அந்தப் பேச்சு அப்பா காதுக்கு வந்தது. அன்றிலிருந்து அந்தக் குழந்தை இருமினால் இவர் கேட் வரைக்கும் போய் நிற்பார். அது நடக்க நாளானபோது இவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டீங்களா அங்கிள் என்பாள். "ஒரு தடவ திட்டித் தொலச்சிருக்கலாம்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

போன வருடம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டிருந்தாள். காய்ச்சல் இறங்கவில்லை, வாந்தி எடுத்தாள், கையில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. அவள் அப்பா வெளியூர் வேலையில் இருந்ததால் தாயையும் பிள்ளையையும் நான்தான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அப்பா கேட்காமலே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் நடைவழியில் காத்திருந்தோம். குழந்தையின் அம்மா பெஞ்சில், அப்பா சுவரோரமாக நின்றபடி. உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை. வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். நம்ம பெண்தான், சின்ன வயது.

"டெங்கி. நேரத்தோட கொண்டு வந்துட்டீங்க, பாத்துக்கலாம்."

"டெங்கியா?" என்றார் அப்பா. "டெங்கிதானா டாக்டர்? நிச்சயமா டெங்கிதானா?"

டாக்டர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பிள்ளைக்கு டெங்கி என்று சொல்கிறார்கள், பெற்றவள் பக்கத்திலேயே இருக்கிறாள், இவர் இப்படி நிற்கிறாரே என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் அவள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அவருடைய கையைப் பற்றிக்கொண்டாள். அவள் கன்னமும் நனைந்திருந்தது.

"கொசுதான் அங்கிள்" என்றாள். "வெறும் கொசு."