நான் கட்டாத காளி வேஷம்

சாமி இறங்குவது, குறி கேட்பது எதையும் நான் நம்பியவன் இல்லை, இன்றைக்கும் நம்பவில்லை. நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூர் தொழிற்சாலை வேலைக்கு ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில், வள்ளியூரில் இருக்கும் என் அக்கா என்னைக் கேட்காமலே குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். அங்கே வேலை செய்ய பெர்மிட் கிடைத்தால் தசராவுக்கு நான் காளி வேஷம் கட்டி வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்குவேனாம்! பெர்மிட்டும் வந்தது. ஆனால் தசராவுக்கு முன்பே விமானம் ஏறியாக வேண்டும், இல்லையென்றால் அது கைவிட்டுப் போய்விடும்.

"ஏலே, நேந்துட்டு செய்யாமப் போவலாமா? அம்மா சும்மா விடுவாளா?" என்று அக்கா அழுதாள்.

"நேந்தது நீ, நீயே கட்டு. பெர்மிட்ட அம்மனா தந்தா? பேட்டையில லேத்துல நின்னு தேஞ்சது நான்லா!" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

அங்கே போய் மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை, லேத்தில் சீவி வரும் இரும்புச் சுருள் இடது கைப் பெருவிரலை ஆழமாகக் கிழித்துவிட்டது. காயம் என்று தெரிந்தால் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். யாரிடமும் மூச்சு விடாமல், பழைய நீலச் சட்டையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு சாயங்காலம் வரை மெஷினை விட்டு நகராமல் வேலை பார்த்தேன்.

பத்து நாள் கழித்து அக்காவின் கடிதம் வந்தது.

"எப்பலே வந்த? புதன்கிழமை மத்தியானம் காளி வேஷத்துல வாசல்ல வந்து நின்னியே. மொகமெல்லாம் சாயம், ஆனா அந்த முழி எனக்குத் தெரியாதா? வேஷம் கட்டுனவன எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடன்னு பேசாம காணிக்கை போட்டேன். அது என்னலே, இடது பெருவிரல்ல நீலத் துணி?"

ஆயிரம் பேர் காளி கட்டுகிற ஊர், எவனையோ பார்த்திருப்பாள். சரி, அந்த நீலத் துணி? எனக்குக் காயமே இல்லை, நான் வரவும் இல்லை என்று பதில் எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பியதும் நானே வீம்பாகச் சொன்னேன், "வேஷமெல்லாம் கட்ட மாட்டேன் பாத்துக்க."

"அதான் கட்டிட்டியேலே," என்றாள் அக்கா, அமைதியாக.

நான் கட்டவில்லை. எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன், நான் கட்டவே இல்லை. ஆனால் இன்றுவரை அக்கா முன்னால் இடது கையை விரித்ததில்லை.