குனிந்தவர்களுக்குக் குடை ஆட்டியவர்

மயிலாடுதுறையில் மகள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்று குச்சியை ஆட்டினார். எதிரே நூறு பேர் பிடில் வாசித்தார்கள்.

"இந்த ஆளு ஒண்ணுமே வாசிக்கலையே அத்தை, இவருக்கு எதுக்கு இவ்வளவு கைதட்டு?" என்றார் மாப்பிள்ளை.

"அவரு இல்லேன்னா ஆளுக்கொரு பக்கம் போயிடுவாங்க, மாப்பிள்ளை. நானும் அந்த வேலை பாத்தவதான்."

மாப்பிள்ளை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும் எனக்கு. ஆனாலும் இதை எழுதிவைக்க வேண்டும் என்று அன்றைக்கே உட்கார்ந்தேன்.

எங்கள் தெருவில் அப்போது நடவுக்குப் பாட்டு எடுப்பவள் நான். இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து, நாற்றை ஊன்றி ஊன்றிப் பின்னால் நகர்வோம். நானும் நடுவில் நின்று நடுவேன். என் பாட்டு நடந்தால் வரிசை நடக்கும், ஓடினால் ஓடும். வலங்கைமான் வரைக்கும் என் குரலுக்காகவே கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஆட்சி மாறி, கூலி உயர்வு கேட்டுத் தெருவுக்குத் தெரு கொடி ஏறிய காலம். மிராசுதாரின் காரியஸ்தர் மறுவாரமே துண்டின் கரையைப் புதுக் கட்சி நிறத்துக்கு மாற்றிக்கொண்டார். குணத்தை மாற்ற அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். அந்தக் குடையைக் கேலி செய்து என் பாட்டில் ஓர் அடி உண்டு. அது அவர் காதுக்குப் போய்விட்டது.

"இனிமே பாட்டும் கிடையாது, கூத்தும் கிடையாது. வேகத்தை நான் காட்டுறேன். பொழுது சாயறதுக்குள்ள மூணு மா நெலமும் முடியலைன்னா நாளைக்கு வெளியூர் ஆளு இறங்கும்" என்றார்.

வெளியூர் ஆள் இறங்கினால் அந்தச் சம்பாப் பருவம் முழுக்க எங்கள் தெருவில் ஒருத்திக்கும் வேலை இல்லை. வாயை மூடிக்கொண்டு குனிந்தோம்.

அவர் எதிர் வரப்பில் நின்று குடையை மேலும் கீழும் ஆட்டினார். நன்றாகத்தான் ஆட்டியிருப்பார். யார் பார்த்தது? குனிந்தவளுக்குச் சேறும் தன் கையும்தானே தெரியும்! ஓரத்துக்காரி ஓடினாள், நடுவில் இருந்தவள் நின்றாள், வரிசை அரிவாள் மாதிரி வளைந்தது. இடுப்போடு இடுப்பு இடித்தது.

"என் பங்குல ஏன்டி ஊனுற?"

"ஒன் பங்கு ஒங்கப்பன் வீட்டுலயா இருக்கு? தள்ளுடி!"

உச்சிப் பொழுதுக்கு ஒரு மாகூட முடியவில்லை. குடை பலிக்காமல் காரியஸ்தர் வேட்டியை மடித்துக் கட்டி, எங்களுக்குப் பின்னால் சேற்றில் இறங்கிக் கத்தினார். நான் நிமிர்ந்தேன்.

"ஐயா, ஒங்க குடையைப் பாக்கணும்னா நாங்க மல்லாந்துல்ல நடணும்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சூரியனைப் பார்த்தார். "சரி, பாடித் தொலை. அந்தக் குடை அடி மட்டும் வேணாம்."

"அதுலதான் ஐயா வேகமே இருக்கு."

பாட்டை எடுத்தேன். இரண்டாம் அடியிலேயே இருபது கையும் ஒரே சத்தத்தில் இறங்கின. குனிந்தவளுக்கு எதிரே நிற்பவர் தெரியமாட்டார். பின்னால் நிற்பவர் கால் இடுக்கு வழியே தலைகீழாக நன்றாகவே தெரிவார். காரியஸ்தரின் இரண்டு முழங்காலும் தெரிந்தன. பாட்டை ஓடவிட்டேன்.

இருபது முதுகும் பின்னால் நகர்ந்து தன்மேல் வருவதைப் பார்த்து அவரும் பின்வாங்கினார். சேறு காலைப் பிடித்துக்கொண்டது. தொப்பென்று உட்கார்ந்தார். குடை மட்டும் நட்டுவைத்த மாதிரி நின்றது.

"நிறுத்தட்டுமாங்க ஐயா?" என்றேன்.

"நிறுத்தாத! பொழுது போயிடும்!" என்று சேற்றுக்குள்ளிருந்தே கத்தினார்.

அவரைச் சுற்றி நட்டுக்கொண்டு போனோம். வெயில் இறங்குமுன் மூன்று மாவும் முடிந்தது.

மறுநாள் வெளியூர் ஆள் வரவில்லை. காரியஸ்தர் வந்தார், குடை இல்லாமல். வரப்பை விட்டு இறங்காமலே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தக் குடை அடியை எடுத்துட்டியாம்மா?"

"எடுத்துட்டேங்க ஐயா" என்றேன். "இப்ப அந்த எடத்துல சேறு வருது."