இருபத்திரண்டு காரட் மலை

1983-ஆம் ஆண்டுவரை நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் இருந்த தமிழர்களிடம் ஜலஜா யாரென்று கேட்டால், சுந்தரராமனின் மனைவி என்பார்கள். இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, புளியோதரை நன்றாகப் பண்ணுவாள் என்பார்கள். நுவார்க் பக்கம், பழைய நகைகளையும் எக்ஸ்ரே ஃபிலிமையும் உருக்கி உலோகம் பிரிக்கும் ஒரு கம்பெனியில் அவள் ஆறு வருடமாக வேலை பார்ப்பதை யாரும் விசாரித்ததில்லை. வந்து குவியும் குப்பையில் தங்கம் எத்தனை பங்கு, வெள்ளி எத்தனை பங்கு என்று சோதித்துச் சொல்வதுதான் அவள் வேலை. சென்னையில் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்த எட்டாவது மாதம் கல்யாணமாகி விமானம் ஏறியவள். அந்தக் குறையை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அப்படிச் சொல்லாமல் வைத்திருக்கும் குறையைக் காட்டித்தான் ஒரு ஆளை மலிவாக வாங்க முடியும்.

வாங்கியவர் வெங்கடகிருஷ்ணன். டெலிபோன் கம்பெனியில் இன்ஜினியர், சுந்தரராமனின் கல்லூரித் தோழர். சம்பளத்தில் வாழ்கிறவர்களைக் கண்டால் அவருக்கு இரக்கம். அந்த வருடக் கோடையில் ஊருக்குப் போனவர், நீலகிரி மாவட்டத்தில் தேவாலாப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குள் பழைய தங்கச் சுரங்கங்கள் வாய் பிளந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். நூறு வருடத்துக்கு முன் லண்டன் கம்பெனிகள் வெட்டியவை. சில வருடங்களிலேயே மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அவற்றைத் திரும்பத் திறக்க, பங்கு ஒன்றுக்கு இரண்டாயிரம் டாலர் வீதம் நியூ ஜெர்சித் தமிழர்களிடம் திரட்டுவது என்று முடிவு செய்தார்.

தன் வீட்டு பேஸ்மென்ட்டில் ஸ்லைடு போட்டுக் காட்டினார். இருட்டான பொந்து, அதன் வாசலில் புதர், புதருக்கு முன்னால் வெங்கடகிருஷ்ணன். அடுத்த ஸ்லைடு இன்னொரு பொந்து.

"வெள்ளைக்காரன் மலை ஏறி வந்து இவ்வளவு பணத்தைக் கொட்டியிருக்கான்னா, சும்மாவா கொட்டுவான்?" என்று கேட்டார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். லண்டனிலும் இதே மாதிரி ஒரு அறையில், இதே மாதிரி ஒருவன் படம் காட்டியிருப்பான் என்று அங்கிருந்த இன்ஜினியர்கள், டாக்டர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெள்ளைக்காரன் கொள்ளையடித்தான் என்று அவர்களால் நம்ப முடியும். வெள்ளைக்காரன் ஏமாந்தான் என்று மட்டும் நம்ப முடியாது. சுதந்திரம் வாங்கி முப்பத்தாறு வருடமானாலும் அந்த மரியாதை குறையவில்லை.

ஊரிலிருந்து வந்த யாரோ ஒருவருடைய பெட்டியில், போர்ன்விட்டா டப்பாவுக்குள் கல்தூள் வந்து சேர்ந்தது. கல்லாக அனுப்பினால் எடை கூடும், கஸ்டம்ஸில் கேள்வி கேட்பார்கள் என்று இடித்தே அனுப்பியிருந்தார்கள். டப்பா ஜலஜாவிடம் வந்தது. சனிக்கிழமை மேனேஜரிடம் அனுமதி கேட்டு, லேபில் உருக்கிப் பார்த்தாள். தங்கம் இருந்தது. சுமாராக இல்லை, டன்னுக்கு மூன்று அவுன்ஸ். அதில் கால் பங்கு கிடைத்தாலே சுரங்கக்காரனுக்கு லாபம்.

அன்று சாயங்காலமே சுந்தரராமன் பதினோரு வீட்டுக்கு ஃபோன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பர்வதம் மாமி ஜலஜாவைக் கூப்பிட்டு, "டாக்டரம்மா, என்ன சொல்றே, வாங்கலாமா?" என்று கேட்டாள். பர்வதம் நிஜமான டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுப்பவள். அவள் வாயால் வந்த அந்த வார்த்தையை ஜலஜா திருத்தவில்லை. அடுத்த வாரம் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். அப்போதும் திருத்தவில்லை.

இரண்டாம் முறை உருக்கியபோது ஒன்றுமே இல்லை. மூன்றாம் முறை டன்னுக்கு ஒன்பது அவுன்ஸ். மலை இப்படி மனம் போன போக்கில் மாறாது என்று அவளுக்குத் தெரியும். மிச்சத் தூளை நீரில் அலசி, தங்கத் துணுக்குகளைப் பொறுக்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். துணுக்குகள் மெல்லிய சுருள்களாக இருந்தன. ஒவ்வொன்றிலும் அரம் இழுத்த வரிகள். கரைத்துப் பார்த்ததில் தங்கம் தொண்ணூற்றிரண்டு பங்கு, மிச்சம் செம்பும் கொஞ்சம் வெள்ளியும். தமிழ்நாட்டில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கணக்கு தெரியும். இருபத்திரண்டு காரட். பூமி தங்கத்தை விளைவிக்கலாம், வளையலுக்கு ஆகும்படி செம்பு கலந்து விளைவிக்காது.

வெங்கடகிருஷ்ணனின் மச்சினன் கஸ்தூரிரங்கன் கோயம்புத்தூரில் நகைப்பட்டறை வைத்திருந்தான். கல்லை இடித்தது அங்கேதான். பட்டறை இரும்பு உரலில் ஒட்டியிருந்த, நகையை அரத்தால் ராவும்போது உதிர்ந்த பழைய ராவுதூள் அப்படியே சேர்ந்து வந்திருக்கிறது.

இது அவளுக்குத் தெரிந்த பிறகு பதினேழு நாள் சும்மா இருந்தாள். அந்தப் பதினேழு நாளும் டாக்டராக இருந்தாள். பதினெட்டாம் நாள் புருஷனிடம் மட்டும் சொன்னாள்.

"அப்போ கஸ்தூரிரங்கன் வேணும்னே கலந்துட்டான்கறியா?" என்றார் சுந்தரராமன்.

"இல்லை. உரலைக் கழுவாம இடிச்சிருக்கான்."

"அப்போ யாரும் ஏமாத்தலை."

"யாரும் ஏமாத்தலை."

"அப்புறம் என்ன ப்ராப்ளம்?" என்று அவர் டிவி பக்கம் திரும்பினார்.

பிப்ரவரியில் கடைசிக் கூட்டம். பனியில் காரை நிறுத்த இடம் தேடி அலைந்தும், முப்பது குடும்பத்துக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். செக் புத்தகத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஜலஜா எழுந்து நின்றாள். சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம், காரில் வரும்போதே மனப்பாடம் செய்திருந்தாள். இன்று அவள் சொல்வதை நம்பித்தான் அந்தச் செக்குகள் எழுதப்படும் என்பதும் தெரியும்.

"இந்தத் தூள்ல இருக்கற தங்கம் இருபத்திரண்டு காரட்," என்றாள்.

கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இயற்கையா எந்த மலையிலயும் அப்படிக் கிடைக்காது."

"கேட்டேளா?" என்றார் வெங்கடகிருஷ்ணன். "உலகத்துல வேற எங்கயும் கிடைக்காத தங்கம்."

"அதுல செம்பு கலந்திருக்கு," என்று ஜலஜா மனப்பாடம் செய்த மூன்றில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"செம்பு கலந்தாத்தானேடி நகை பண்ண முடியும்?" என்றாள் முன்வரிசையில் இருந்த பர்வதம். சிரிப்பு.

மூன்றாவது வாக்கியம் பட்டறையைப் பற்றியது. உரல் என்ற ஒரு சொல் போதும், பேஸ்மென்ட் காலியாகியிருக்கும். அது தொண்டைவரை வந்தது. அதற்குள் வெங்கடகிருஷ்ணன், "தேங்க் யூ, டாக்டர்," என்று குனிந்து கைகூப்பினார். ஜலஜா உட்கார்ந்துவிட்டாள். யாரோ போண்டா கொண்டுவந்து கொடுத்தார்கள்.

உண்மை வேண்டும் என்று மனிதர்கள் தவிக்கிறார்கள் என்பது, புத்தகங்களைப் படித்துவிட்டு நாம் நம்பிக்கொள்ளும் விஷயம். அந்த பேஸ்மென்ட்டில் உண்மையில் பாதிக்கு மேல் சொல்லப்பட்டது. சொன்னவளுக்கும் கேட்டவர்களுக்கும் அது தொல்லையாக இருந்ததுதான் மிச்சம்.

அச்சிட்ட பிரசுரத்தில், இருபத்திரண்டு காரட் தூய்மையை உறுதி செய்தவர் டாக்டர் ஜலஜா சுந்தரராமன் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதை எடுக்கச் சொல்லத்தான் அவள் வெங்கடகிருஷ்ணனுக்கு ஃபோன் செய்தாள். அவர் குசலம் விசாரித்தார், பிள்ளையின் படிப்பைக் கேட்டார். கடைசியில் அவள் சொன்னது, சுந்தரராமன் என்ற பெயரின் ஆங்கில ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்பதைத்தான். அடுத்த பதிப்பில் திருத்தினார்கள்.

பணம் போய்ச் சேர்ந்த கதையில் விசேஷம் ஏதுமில்லை. எஸ்டேட்காரருக்கு அட்வான்ஸ், ஒரு வாட்ச்மேன், கோயம்புத்தூரிலிருந்து ஒரு பம்ப்செட், வெங்கடகிருஷ்ணனுக்கு இரண்டு முறை விமான டிக்கெட். பம்ப் இறைக்க இறைக்கச் சுரங்கத்தில் தண்ணீர் ஊறியது. 1985-இல் அவர் டெக்சஸில் ரிச்சர்ட்சனுக்கு வேலை மாற்றிக்கொண்டு போனார். அவரை யாரும் திட்டவில்லை. பாவம், அவர் பணமும்தான் போயிற்று என்றார்கள். திட்ட வேண்டிய ஆள் எடிசனிலேயே இருந்தாள்.

1986 தீபாவளிக்குச் சர்ச் ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சாப்பாட்டு வரிசையில் பர்வதம் ஜலஜாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானே சர்ட்டிஃபை பண்ணினே?"

"அன்னிக்கே சொன்னேனே மாமி, அது மலைத் தங்கம் இல்லேன்னு."

"சொன்னே. காதுல விழுந்தது. ஆனா வேண்டாம்னு சொல்ற மாதிரி சொல்லலையே."

ஐந்து பங்கு வாங்கிய அந்த அம்மாள் இந்த விவகாரத்தில் சரியாகச் சொன்னது இது ஒன்றுதான். பர்வதம் குரலைத் தாழ்த்தினாள். ரிச்சர்ட்சனிலிருந்து வெங்கட் ஃபோன் செய்தானாம், கிருஷ்ணகிரியில் கிரானைட் மலை ஒன்று விலைக்கு வருகிறதாம். தங்கம் மாதிரி தேட வேண்டியதில்லை, கண்ணெதிரே நிற்கிறது. சாம்பிள் வரவழைத்தால் ஜலஜா ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா?

"போடாதீங்கோ மாமி," என்றாள் ஜலஜா. "வெங்கட் கையில ஒரு டாலர் குடுக்காதீங்கோ. போன தடவை வந்தது அவர் மச்சினன் பட்டறைத் தூள். எனக்கு அப்பவே தெரியும். டாக்டர்னு கூப்பிட்டது பிடிச்சிருந்தது, வாயை மூடிண்டு இருந்துட்டேன்."

வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பர்வதத்தின் முகம் சிவந்தது.

"பெரியவான்னு ஒரு மட்டு மரியாதை வேண்டாமா? நாலு பேர் நடுவுல இப்படியா பட்டுனு பேசறது?" என்று சொல்லிவிட்டு, தட்டோடு வேறு வரிசைக்குப் போனாள்.

கிரானைட்டில் எடிசனிலிருந்து பதினான்கு குடும்பங்கள் பணம் போட்டன. பர்வதம் போடவில்லை. ஜலஜாவோடு அவள் அதற்குப் பிறகு பேசவுமில்லை.