பின் போர்ஷன்

எழுபதுகளில் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். அறையை அடைத்துக்கொண்டு நின்றது ஒரே ஒரு மெஷின்தான். அதன் மெமரியை இரண்டாகப் பிரித்து, இரண்டு மெஷின்கள் போல ஓட்டுவோம். எங்கள் மேலாளர் மயிலாப்பூர்க்காரர். குடித்தன வீட்டை மனத்தில் வைத்து, முன் போர்ஷன், பின் போர்ஷன் என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார். முன் போர்ஷன் வேலையைத்தான் மெஷின் முதலில் கவனிக்கும். அது சும்மா இருக்கும்போதுதான் பின்னால் இருப்பதற்கு ஏதாவது கிடைக்கும்.

அன்று மாலை துறைமுகத்தில் கப்பல் கிளம்புகிறது. எந்தப் பெட்டி எந்த லாரியில் என்று அச்சாகி வந்தால்தான் லாரிகள் கேட்டைத் தாண்டும். அந்த வேலை, ராயபுரத்திலிருந்து வந்த புது ஆபரேட்டர் கையில் இருந்தது. அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மனைவிக்கோ நிறைமாதம். இதைக் கோட்டை விட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்று மேலாளர் என் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பிரிண்டர் ஊமையாக நிற்கிறது. கன்சோலைப் பார்த்தேன். கப்பல் வேலையைப் புதியவர் பின் போர்ஷனில் போட்டிருந்தார். முன்னால் சரக்கு இருப்புக் கணக்கு ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அதை ரத்து செய்தால் காலையிலிருந்து ஓடியதெல்லாம் வீண்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவசர வேலையைப் போய் எவனாவது பின்னால் போடுவானா என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் வெளுத்தது. "எங்க வூட்ல கொயா பின்னாலதான் கீது அண்ணாத்தே. பின் போர்ஷன் புடிச்சதுக்கு அப்பாலதான் முன்னாடிக்குத் தண்ணி."

நான் திருவொற்றியூர்க்காரன். எங்கள் வீட்டுக் குழாயும் பின்னால்தான்.

வெளியே லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. ஏசி அறையிலும் சட்டை என் முதுகில் ஒட்டியது. அந்தக் குழாயே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முன் போர்ஷன்காரர்கள் வீட்டில் இல்லாவிட்டால்? இருப்புக் கணக்கு, துளையிட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் படித்துத்தான் ஓடுகிறது. கார்டு ரீடரின் நிறுத்தப் பொத்தானை அழுத்தினேன். அடுத்த அட்டை வராமல் முன் வேலை அப்படியே நின்றது. காத்திருக்கிறதா, செத்தே போய்விட்டதா என்று எனக்கும் தெரியவில்லை. அவர் கழுத்துச் சிலுவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இருவரும் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடகடவென்று அது அடிக்க ஆரம்பித்தபோது மேலாளர் உள்ளே வந்தார். ரீடர் ஏன் நிற்கிறது என்று கேட்டார்.

"முன் போர்ஷன்காரங்க வெளிய போய்கிறாங்க சார்" என்றார் புதியவர்.

மேலாளர் சிரிக்கவில்லை. கடைசித் தாள் வரும்வரை நின்றார். அதைக் கிழித்து லாரிகளுக்கு அனுப்பிவிட்டு, ரீடரைத் தானே ஓடவிட்டார். இருப்புக் கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மேலாளர் கதவருகே திரும்பி, நாளைக்கு நேரத்தோடு வரும்படி புதியவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வேலை நிரந்தரமானதும் அவர் வேறு வீடு பார்த்தார். அங்கே இரண்டு போர்ஷனும் காலியாக இருந்ததாம். முன்னதை எடுத்திருக்கலாமே என்றேன்.

"கைக்கொயந்த கீது அண்ணாத்தே. தண்ணி மொதல்ல வரணும்."