சொட்டு நின்ற வீடு

ஈயப் போசியில் விழுந்தால் "டங்", மண்சட்டியில் விழுந்தால் "டுப்", பித்தளைக் குண்டாவில் விழுந்தால் கோயில் மணியை விரலால் தட்டினது போல ஒரு ரீங்காரம். மழை ராத்திரியில் கண்ணை மூடிப் படுத்திருந்தாலே, கூரை ஒழுகி எந்தச் சொட்டு எந்த மூலையில் விழுகிறதென்று நானும் என் அக்கா லில்லியும் பந்தயம் கட்டிச் சொல்லுவோம். போசி என்றால் என் பேத்திக்குத் தெரியவில்லை, பாத்திரம் என்கிறாள். மூன்று வயதுதான், ஆனால் வாய் எட்டு வயதுக்கு இருக்கிறது. அவளைப் பற்றி ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது, அதனால் மழைக்கே வருகிறேன்.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் எங்கள் வீடு இருந்தது. எங்கள் வீடு என்று சொல்கிறேனே தவிர, மண்ணும் ஓடும் தோட்டக்காரருடையவை. என் அப்பா யாக்கோபுவும் அவருடைய அப்பாவும் அந்தத் தோட்டத்தில் பாடுபட்டதற்குக் குடியிருக்கக் கிடைத்த இடம் அது. தோட்டக்காரரைப் "பண்ணாடி" என்றுதான் கூப்பிடுவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிணறு வற்றிப்போய்த் தோட்டத்தை மனையாக்கி விற்கும் பேச்சு வந்தபோது, அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றார். பண்ணாடி கெட்டவர் இல்லை. "ஏனப்பா யாக்கோபு, ஊடு நிக்கற வரைக்கும் இருந்துக்கங்க. அதச் சுத்தித்தான் அளப்பாங்க. ஆனா உழுந்துபோச்சுன்னா மறுக்கா எழுப்பப்படாது, பாத்துக்க" என்றார். அப்பா அதை அம்மாவிடம் வந்து நல்ல சேதி போலச் சொன்னார். அம்மா சுவரைப் பார்த்தாள். எங்கள் பாட்டன் காலத்து மண்சுவர் அது.

அந்த வருடம் கார்த்திகை மழை கார்த்திகையோடு நிற்காமல் மார்கழிக்குள்ளும் வந்துவிட்டது. குளிரில் கைவிரல் மடங்காது. மேற்குச் சுவர்ப் பக்கம் ஓடுகள் நொறுங்கி, இருக்கிற பாத்திரமெல்லாம் தரையில் பரப்பியாகி, சோறு ஆக்கவே போசி இல்லாத நிலை. கிறிஸ்துமஸுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். கையில் இருந்ததைக் கொண்டு ஓடு மாற்றலாம், அல்லது நான்கு பேருக்கும் துணி எடுக்கலாம்.

"ஏனுங்க, துணி கெடக்குதுங்க. ஓட்ட மாத்திப்போடலாமுங்க" என்றாள் அம்மா.

"புள்ளைக பழசப் போட்டுட்டு சர்ச்சுல நின்னா ஊரு சிரிக்காதா, அம்மணி? ரெண்டையும் முடிச்சுப்போடலாம், நாஞ் சொல்றதக் கேளு" என்றார் அப்பா.

அவர் யோசனை திருப்பூர். வெளிநாட்டுக்கு அனுப்பத் தைத்து, பழுது என்று கழித்துவிட்ட துணிகளை அங்கே தெருவோரத்தில் குவித்துப் போட்டு விற்பார்கள். "செகண்ட்ஸ்" என்று பேர். பஸ் ஏறிப் போனோம். மூட்டை பிரிக்கிற நேரத்துக்கு முன்வரிசையில் நின்றுவிட வேண்டும், முதலில் உள்பக்கம் புரட்டித் தையலை இழுத்துப் பார்க்க வேண்டும், அப்புறம் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. போன கால் மணி நேரத்தில் அவளே கண்டுபிடித்துவிட்டாள். கழுத்து கோணல், கை குட்டை என்று அவள் ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள, கடைக்காரன் சலித்துப்போய், "ஏனுங்க்கா, ரெண்டு கையும் ஒரே நீளமா வேணும்னா கப்பலேறிப் போகோணும். அதெல்லாம் அங்க போயிருச்சு" என்றான். "அப்ப மிச்சத்துக்கு இந்த வெலையா சொல்லுவீங்க? ஒத்தக் கைக்காரன்தான் வாங்குவான்" என்று அம்மா சொன்னதும், குவியலைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

எனக்கும் லில்லிக்கும் சிவப்பில் ஒரே மாதிரி மேல்சட்டை கிடைத்தது. நெஞ்சில் வெள்ளையாக, குண்டாக, தொப்பி போட்ட ஒரு உருவம். பனிப்பொம்மை என்று பின்னால்தான் தெரிந்தது. சுண்ணாம்பு அடித்த பானைக்கு எதற்குத் தொப்பி என்று நாங்கள் பேசிக்கொண்டோம். லில்லியினுடையதில் மூக்கு தாடைக்குக் கீழே தைக்கப்பட்டிருந்தது. "உம்பட மூக்கு மாதிரியே எடம் மாறிப்போச்சு" என்றேன். பஸ் முழுக்கக் கிள்ளினாள்.

கிளம்பும்போது அப்பா ஒரு சாக்கு நிறைய "பனியன் வேஸ்ட்" வாங்கினார். துணி வெட்டும்போது விழும் துண்டும் துணுக்கும். மிஷின் துடைக்கத்தான் அதை வாங்குவார்கள். அப்பா கூரைக்கு வாங்கினார். ஊருக்கு வந்த மறுநாள், மழை விட்ட நேரம் பார்த்து ஏணி வைத்து ஏறி, உடைந்த ஓடுகளுக்கு அடியிலும் மேற்குச் சுவரின் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருந்த சந்திலும் பொதி பொதியாகத் திணித்தார். நான் கீழிருந்து எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய் வாசம் அடிக்கும் மெத்தென்ற துணி. ஒவ்வொரு பொதியையும் குச்சியால் இடித்து இறுக்கினார். "எத்தனை மழ வேணும்னாலும் வரட்டும்" என்று மேலிருந்து சொன்னார்.

வந்தது. ஒரு சொட்டு விழவில்லை.

சொட்டுச் சத்தமே இல்லாத மழையை வீட்டுக்குள்ளிருந்து முதல்முறையாகக் கேட்டோம். போசிகள் அடுப்படிக்குத் திரும்பின. உள்ளே சுண்ணாம்பு அடித்தோம், சுவர் பளிச்சென்று ஆனது. அப்பா வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா மட்டும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கேட்டாள்.

"ஒழுகறது நின்னுபோச்சு, சரிங்க. தண்ணி எங்கீங்க போச்சு?"

"வெளியதான் போகும், அம்மணி. வேற எங்க போகும்?" என்றார் அப்பா.

கிறிஸ்துமஸ் விடிகாலை ஆராதனைக்கு நால்வரும் திருப்பூர்த் துணியில் போனோம். யாரும் சிரிக்கவில்லை, ஒரு அத்தை லில்லியின் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "பாரின் துணியாட்ட இருக்குது கண்ணு, எங்க எடுத்தீங்க?" என்றுகூடக் கேட்டாள். அங்கிருந்தே நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்த அப்பா, தோட்டத்து வரப்புக்கு வந்ததும் நின்றார். வெயில் அடித்தது. மேற்குப் பக்கம் வீட்டுக்குள் இருந்த கட்டிலும் அடுப்பும் வெளியிலிருந்தே தெரிந்தன. சுவர் சரிந்து குழம்பிய சேறாகக் கிடந்தது, அதன்மேல் ஓடுகள்.

அப்பா ஓடிப்போய்ச் சேற்றுக்குள் கையை விட்டு ஒரு பொதியை இழுத்தார். இரண்டு கையாலும் பிழிந்தார். தண்ணீர் கொட்டியது. இன்னொன்றை எடுத்துப் பிழிந்தார். பெய்த மழையையெல்லாம் குடித்து வைத்துக்கொண்டு, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, ராவும் பகலும் சுவரின் தலைக்குள் அது இறக்கியிருக்கிறது. முன்பு போசியில் விழுந்த தண்ணீர்தான். அம்மா சேற்றுக்குள்ளிருந்து போசிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். "அன்னைக்கே கேட்டனே" என்று அவள் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு வாழைப்பழச் சீப்போடு வரும் பண்ணாடி அன்றும் வந்தார்.

"உள்ள ஆரும் இல்லையேப்பா?"

"இல்லீங்க பண்ணாடி, சர்ச்சுக்குப் போயிருந்தமுங்க."

"அதுவரைக்கும் நல்லது."

"ஒத்தச் செவுருதானுங்க. ரெண்டே நாள்ல நானே எழுப்பிப்போடுவேனுங்க."

பண்ணாடி எங்கள் சிவப்புச் சட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அன்னைக்கே சொல்லிப்போட்டனப்பா. தை பொறந்தா மனைக்கல்லு நட ஆளு வருது" என்று சொல்லி, பழத்தைத் துணி துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை. மத்தியானம் அணில் தின்றது.

தை பிறக்குமுன் திருப்பூரில் ஒரு லைன் வீட்டுக்குப் போய்விட்டோம். நானும் லில்லியும் பனியன் கம்பெனியில் தைத்த துணிகளின் நூல் பிசிர் வெட்டப் போனோம். எனக்குப் பள்ளிக்கூடம் அத்தோடு சரி, பஸ் பலகைகூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அப்பா திரும்பப் பழைய பேச்சை எடுத்ததில்லை. மழை வந்தால் வெளியே போய் நனைந்துகொண்டு நிற்பார். அவரும் இல்லை, அம்மாவும் இல்லை. போன டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்குச் சரவணம்பட்டி போனபோது இடத்தைத் தேடினேன். வரப்பு இல்லை, கிணறு இல்லை, துவைக்கிற கல் இல்லை. அடுக்கு மாடி ஒவ்வொன்றிலும் காகித நட்சத்திரம் தொங்கியது. எங்கள் மேற்குச் சுவர் எந்த நட்சத்திரத்துக்குக் கீழே என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது நான் மகள் வீட்டில் இருக்கிறேன். கான்கிரீட் கூரை, எவ்வளவு அடித்துப் பெய்தாலும் உள்ளே சத்தம் கிடையாது. மழை வந்தால் மகளும் பேத்தியும் ஜன்னலுக்குப் போகிறார்கள். நான் எழுந்துபோய் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன்.