பூனை இரண்டாம் முறை பிறாண்டியது

என் உம்மாவின் தங்கை ஸுலைஹா சாச்சியின் கால் வீட்டில் தங்காது. விற்கிற புடவைப் பொட்டலத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காலையில் புறப்பட்டால் எத்தாளை, தலவில என்று வாசல் வாசலாக ஏறி இறங்கி பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குத்தான் திரும்புவார். யுத்தம் முடிந்து மன்னார்ப் பாதை திறந்தபோது அங்கேயும் ஒரு நடை போய்வந்தார். அவர் புருஷன் முத்தலிபு சாச்சா கடலுக்குப் போகிறவர். "எங்க போறாய்?" என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சாச்சி பாதி பதிலில் படி இறங்கியிருப்பார்.

அந்தச் சாச்சா நெஞ்சு வலி என்று படுத்து, விடிவதற்குள் மௌத்தானார். சாச்சி இத்தாவில் உட்கார்ந்தார். புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது.

"இருந்த காலத்தில ஒரு நாளும் என்னை அடச்சி வெக்காத மனிசன். மௌத்தாகி அடச்சி வெச்சிட்டார் பாரு மகள்" என்றார் சாச்சி. சொல்லிச் சிரித்தார், பிறகு அழுதார்.

இத்தாவைக் கவனிக்க வந்து தங்கியவர் சாச்சாவின் அக்கா றஹ்மத் உம்மா. நான் மாமி என்று கூப்பிடுவேன். மார்க்கம் ஒரு முழம் கேட்டால் மாமி மூன்று முழம் கிழிப்பார். டீவிக்குத் துணி போர்த்தினார். சுவரில் ஆண் படம் போட்ட கலண்டரைக் கழற்றினார். ரோட்டுப் பக்கத்து யன்னலைச் சாத்தினார். எனக்கு எரிச்சல் வரும். ஆனால் செத்துப்போன தம்பிக்கு அவரால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வேன்.

இருபதாம் நாளோ என்னவோ, குசினி யன்னலால் ஒரு தெருப்பூனை வந்தது. சாச்சி மீன்தலை போட்டார். மறுநாளும் வந்தது. பேச்சுத் துணைக்கு அதுவாவது கிடைத்ததே என்று சாச்சிக்குச் சந்தோஷம். மாமிக்கு மட்டும் ஒரு சந்தேகம். அது கடுவனா பொட்டையா என்று பார்க்கச் சொன்னார். சாச்சியும் சொன்ன பேச்சுக் கேட்டு வாலைத் தூக்கிப் பார்த்தார். எந்தப் பூனை பொறுக்கும்? மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இரத்தம் வர மூன்று கோடு கிழித்துவிட்டு யன்னலால் பாய்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பூனையை ஊரில் யாரும் காணவில்லை.

மாமி மஞ்சள் வைத்துக் கட்டினார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் கட்டை அவிழ்த்து, சோப் போட்டுக் கழுவி, ஆசுபத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். கடித்தது நாயா என்று மாமி கேட்டார். இத்தாவில் இருக்கிறவள் ரோட்டில் போனால் சனம் என்ன கதைக்கும் என்றும் கேட்டார். கதவுக்குக் குறுக்கே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சாச்சிக்குப் பயம் பிடித்துவிட்டது. எத்தாளையில் அவரிடம் புடவை வாங்கும் வீட்டில் ஒரு மனிதர் விசர்நாய் கடித்து, தண்ணீர் குடிக்க முடியாமல் செத்துப்போனவர். அதனால் சாச்சி விடிந்ததும் ஒரு கிளாஸ் தண்ணீரை முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு குடிப்பார். குடித்ததும் எனக்குப் போன் வரும்.

"தண்ணி எறங்குது மகள்."

மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. நாலாம் நாள் பொறுக்க முடியாமல் மௌலவியிடம் போனேன். மருந்தெடுக்கப் போவதற்கு இத்தாவில் தடையில்லை, உடனே கூட்டிப்போங்கள் என்று அவர் என்னைத்தான் ஏசினார். பூனையின் கதையைச் சொன்னபோது தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாமி இறங்கி வந்தார், ஆனால் சும்மா இறங்கவில்லை. ஓட்டோ என் தம்பி இப்ஹாமுடையதாக இருக்க வேண்டும். சாச்சிக்கு அவன் அக்கா மகன், முகம் பார்க்கலாம். ஓட்டோவின் இரண்டு பக்கமும் கட்டில் விரிப்புத் தொங்க வேண்டும். விற்றுத் தீராத பூப்போட்ட விரிப்பு இரண்டு சாச்சியின் பொட்டலத்திலேயே இருந்தது. நாங்கள் திரும்பி வருவதற்குள் வீட்டு யன்னல் எல்லாவற்றுக்கும் மாமி கோழிவலை அடித்து வைத்திருந்தார். இனி எந்தப் பூனையும் வராது என்றார்.

அட்டையில் நாலு ஊசிக்கு நாலு தேதி. அந்தத் தேதிகளில் சாச்சி விடியற்காலை சுபஹுக்கே உடுத்திக்கொண்டு நிற்பார். ஓட்டோ ஓடும்போது கண்ணை மூடி மூச்சை இழுத்து, இது சரீப் நானா கருவாடு காயப்போடும் வாடி, இது பேக்கரி, பாண் போடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வருவார். ஊசிக்கு இவ்வளவு ஆசையாகப் போன மனுஷியை நான் கண்டதில்லை.

நாலாவது ஊசி போட்டு முடிந்ததும் நேர்ஸ், இனிக் கொஞ்ச காலத்துக்குப் பூனை பிறாண்டினாலும் சோப் போட்டுக் கழுவினால் காணும், ஊசி தேவைப்படாது என்றார். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். சாச்சி வரும் வழியில் ஒரு வாடியின் பெயரும் சொல்லவில்லை. பயம் தீர்ந்த களைப்பு என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோழிவலைக்குப் பின்னால் காற்று நின்றுபோயிருந்தது. சாச்சி முன்னறையிலிருந்து குசினிக்கு நடப்பார், குசினியிலிருந்து முன்னறைக்கு நடப்பார். பொட்டலத்தை அவிழ்த்துப் புடவைகளை உதறி மடித்து மறுபடி கட்டுவார். என்னைக் கண்டால் இன்றைக்கு எந்த ரோட்டால் வந்தாய் என்று கேட்பார்.

இன்னும் ஐம்பது நாள் இருக்கும்போது மாமியிடமிருந்து போன் வந்தது. பூனை மறுபடி பிறாண்டிவிட்டதாம். நானும் இப்ஹாமும் ஓடினோம். மாமி கதவை அகலத் திறந்து வைத்து நின்றார். கதிரையைக் காணவில்லை.

"தம்பி போனது காணும். இவளும் போனா நான் என்ன செய்ய? சுறுக்கா கூட்டிட்டுப் போ" என்று அழுதார்.

சாச்சி உடுத்திக்கொண்டு நின்றார். இந்தத் தடவை இடது கை. மூன்று கோடு, அடிமட்டம் வைத்தது போல நேராக. தோல் சிவந்திருந்ததே தவிர இரத்தம் இல்லை. யன்னல்களைப் பார்த்தேன், வலையில் ஓர் ஆணிகூடக் கழலவில்லை. பொட்டலத்தைக் குத்தும் ஊக்கு கட்டிலில் திறந்தபடி கிடந்தது. சாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேர்ஸ் சொன்னது எனக்கும் சாச்சிக்கும் தெரியும். மாமிக்குத் தெரியாது.

"ஓம் மாமி, ஊசி போடத்தான் வேணும்" என்றேன்.

விரிப்புகளைத் தொங்கவிட்டுப் புறப்பட்டோம். சந்தி தாண்டியதும் சாச்சி மெதுவாகச் சொன்னார்: "ஆசுபத்திரிக்கு வேணாம் மகள். வாடிப் பக்கம் போகச் சொல்லு."

இப்ஹாம் ஓட்டோவைத் திருப்பினான். கடற்கரையில் அந்த நேரம் ஒருவரும் இல்லை. கவிழ்த்துப் போட்ட தோணிகள் மட்டும் கிடந்தன. காற்றில் விரிப்பு உப்பியது. நான் ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்து, இறங்கிக் கொஞ்சம் நடக்கச் சொன்னேன்.

சாச்சி கடலைப் பார்த்தார். கால் முன்னுக்கு வந்தது, பிறகு பின்னுக்குப் போனது.

"வேணாம் மகள். நான் இத்தாவில இருக்கன்தானே."

கோடு போட்ட கையை மட்டும் விரிப்புக்கு வெளியே நீட்டினார். மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லும்வரை அதை உள்ளே எடுக்கவில்லை.