நான் காட்டாத வரிசை

மலர்க்கொடியின் முனைவர் பட்டத்தைக் கெடுத்தவள் நான்தான்! இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

என்னைக் கோழை என்று எண்ணிவிடாதீர்கள். தேனி வட்டாரத்தில், ஆய்வகத்தில் உயிர்ச்செல் வளர்ப்பதில் என் கைக்கு நிகரான கை இல்லை; இன்றும் கூசாமல் சொல்வேன். அந்தக் கர்வம்தான் என்னைக் குழியில் தள்ளியது.

செல்லுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றொரு குட்டி இழை உண்டு. எந்தப் புரதம் உருவாகலாம், எது கூடாது என்று அதட்டிக்கொண்டே இருக்கும். அதன் மரபெழுத்துகளோடு பொருந்தும் எதிரெழுத்துகள் கொண்ட இன்னொரு இழையைச் செய்து உள்ளே அனுப்பினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அதட்டல் அடங்கிவிடும். உள்ளே கொண்டுசெல்ல, கொழுப்பு கலந்த ஒரு திரவம் வேண்டும். அனுப்பினேன். புற்றுநோய்ச் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன!

ஒப்பீட்டுக்கு இன்னொரு வரிசைச் செல்கள் வைத்திருந்தேன். அதே திரவம்; ஆனால் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட, எதனோடும் ஒட்டாத இழை. அங்கே ஒன்றும் ஆகக் கூடாது. அங்கேயும் செத்துக் கிடந்தன... கொன்றது நான் அளவுக்கு மீறி ஊற்றிய திரவம்!

குறைத்து ஊற்றி மறுபடி செய்திருக்கலாம். செய்தேனா? என் கை தவறியது என்று நான்கு பேர் சொல்லிவிடுவார்களே! அந்த வரிசையை ஒளித்துவிட்டு, எதுவுமே ஊற்றாத செல்களின் படத்தை அருகில் வைத்தேன். எங்கள் ஆய்வகப் பேராசிரியர் பூரித்துப்போனார். அதையே மேலும் ஆராயும்படி சின்னமனூர்ப் பெண் மலர்க்கொடியை முனைவர் பட்டத்துக்குச் சேர்த்துக்கொண்டார். அவளுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவள் நான்.

அவள் திரவத்தைச் சரியான அளவில் ஊற்றினாள். செல்கள் சாகவில்லை. எப்படிச் சாகும்?

“அக்கா, ஒங்களுக்கு வந்தது எனக்கு வர மாட்டேங்குது. என் கைதான் சரியில்ல போல,” என்று அழுதாள்.

“பதறாதடி. இன்னொரு தரம் செஞ்சு பாரு,” என்றேன். எவ்வளவு நிதானமாகச் சொன்னேன் தெரியுமா? இன்னொரு தரம்... இன்னொரு தரம்... கடைசியில் பாதியிலேயே விட்டுப் போய்விட்டாள்.

இப்போது சின்னமனூரில் உரக்கடை வைத்திருக்கிறாள். போன வாரம் உண்மையைச் சொல்லிவிடத்தான் அந்தக் கடைப் படியேறினேன். நம்புங்கள்! திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, ஒரு வரிசைக்கு மட்டும் மருந்து கலக்காம, தண்ணியும் மருந்த இலையில ஒட்டவைக்கிற பசையும் அடிச்சு விடுங்க. பூச்சி செத்தது மருந்தாலயா, பசையாலயான்னு அப்பத்தான் தெரியும்.”

என்னைக் கண்டதும் துள்ளி எழுந்தாள். “அட, அக்காவே வந்துட்டாக! இவுகதாண்ணே எனக்கு இதச் சொல்லிக் குடுத்தாக. எத விட்டாலும் அந்த வரிசைய மட்டும் விட்றாதடீன்னு சொல்லுவாக.”

தோட்டக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான்... பதிலுக்குக் கும்பிட்டேன்.